ரவி வர்மா படம் என்ன விலை போகும்?

பழைய வீட்டைப் பங்கு வைக்கும்போதோ இடிக்கும்போதோ சுவரிலிருந்து இறங்கும் லட்சுமி படத்தையோ சரஸ்வதி படத்தையோ வைத்துக்கொண்டு நண்பர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இது ரவி வர்மா. என்ன விலை போகும்?” இரண்டாவது வாக்கியத்துக்கு விடை தேடுவதற்கு முன் முதல் வாக்கியத்தைச் சற்று விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் தரப்பு. அதை விசாரிக்காமல் விற்றவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். விசாரிக்காமல் வாங்கியவர்கள் இன்னும் அதிகமாக ஏமாந்திருக்கிறார்கள்.

இதில் எங்களுக்கு வியப்பளிப்பது வேறொன்று. இப்படிக் கேட்பவர்களில் பலர் தேர்ந்த இலக்கிய வாசகர்கள். ஒரு நாவலின் முதற்பதிப்பையும் பின்னால் வந்த மலிவுப்பதிப்பையும் ஒன்றென மயங்காதவர்கள். பாடபேதம், இடைச்செருகல், பதிப்பாசிரியரின் தலையீடு என்று மணிக்கணக்கில் விவாதிக்கக் கூடியவர்கள். ஆனால் தங்கள் வீட்டுச் சுவரில் மூன்று தலைமுறைகளாகத் தொங்கும் படத்தின் முன் நிற்கும்போது மட்டும் அந்தப் பழக்கமெல்லாம் எங்கோ போய்விடுகிறது. அந்தப் படமும் ஒரு பதிப்புதான். அதற்கும் பதிப்பகம் உண்டு, மறுபதிப்பு உண்டு, போலிப்பதிப்பு உண்டு. படித்தவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகூட உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

வீடுகளில் ‘ரவி வர்மா படம்’ என்று சொல்லப்படுவது ஏறத்தாழ எப்போதும் ஓலியோகிராஃப் எனப்படும் அச்சுப்படமே. கல்லச்சில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மேலே வார்னிஷ் பூசி, சில சமயம் துணியின் நெசவு போன்ற மேடுபள்ளத்தையும் காகிதத்தில் அழுத்தி, எண்ணெய் ஓவியத்தின் தோற்றத்தைக் கொண்டுவரும் முறை அது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாது என்ற ஒரே விதியின்மேல் நிற்கும் தொழில். ஒரு கல் மயிரிழை பிசகினாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும்.

இந்த யோசனையை ரவி வர்மாவுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் கும்பகோணத்தில் 1828-இல் பிறந்த டி. மாதவ ராவ். திருவாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர். உங்கள் படங்களுக்கு இருக்கும் கிராக்கியை இரண்டு கைகளால் ஈடுகட்ட முடியாது, தேர்ந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப் ஆக்குங்கள் என்பது அவருடைய ஆலோசனையின் சாரம். ரவி வர்மா ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதிலாக 1894-இல் பம்பாயில் தாமே அச்சகத்தை நிறுவினார். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, தொழில்நுட்பர்களும் ஜெர்மானியர்கள். முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு. பம்பாயில் பிளேக் பரவிய பின் 1899-இல் அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்குப் பெயர்ந்தது. கலைஞர்கள் நடத்தும் தொழில்களுக்கு வழக்கமாக நேர்வது அதற்கும் நேர்ந்தது: கடன். புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரின் கைக்கு மாறிவிட்டது. ரவி வர்மா 1906-இல் மறைந்தார். அச்சகமோ அவர் பெயரிலேயே பல பத்தாண்டுகள் ஓடி, 1972-இல் தீக்கிரையானது.

இந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்டாலே ‘இது ரவி வர்மா’ என்ற வாக்கியம் ஆட்டம் காண்கிறது. அச்சகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு தாள் மூன்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். அவர் வரைந்து, அவர் உரிமையாளராக இருந்தபோதே அச்சானது. அவர் வரைந்து, ஷ்லைஷர் காலத்திலோ அதன் பின்னரோ மீண்டும் அச்சானது. அல்லது அவர் தூரிகை தொடவே தொடாத, அச்சகத்துக்காக வேறு ஓவியர்கள் வரைந்தது. மூன்றாவது வகை நாம் நினைப்பதைவிட அதிகம்.

இவற்றுக்கு வெளியே இன்னொரு பெரும் கூட்டம் இருக்கிறது. கடவுளரை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் ரவி வர்மா என்று எழுதுவது நம் பத்திரிகைகளின் வழக்கம். கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் புனேயின் சித்ரசாலா அச்சகமும் 1878-லேயே தொடங்கிவிட்டன. ஜெர்மனியில் அச்சாகி இந்தியச் சந்தைக்கென்றே கப்பலேறி வந்த இராமர்களும் கிருஷ்ணர்களும் உண்டு. பின்னர் பிரிஜ்பாசி போன்ற வெளியீட்டாளர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான படங்கள் நம் வீடுகளை நிறைத்தன. இவை அனைத்துக்கும் வீட்டில் ஒரே பெயர்தான். கொண்டையராஜுவின் மீனாட்சி கல்யாணத்தை ரவி வர்மா என்று சொல்லி விற்பவர் இருவரையும் அவமதிக்கிறார் என்றே எங்களுக்குத் தோன்றும்.

சரி, எப்படிக் கண்டுகொள்வது? முதலில் சட்டத்தைப் பிரிக்கக் கூடாது. பலரும் ஆர்வத்தில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். பல ஆண்டுகள் மழை ஈரத்தில் வார்னிஷ் இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், பிரிக்கும்போது லட்சுமியின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால் பார்க்கத் தொடங்கலாம். கன்னம், கழுத்து, வானம் போன்று நிறம் மெல்ல மாறும் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லச்சில் அவ்விடங்கள் ஒழுங்கற்ற சிறு புள்ளிகளாகவும் கிரேயான் தேய்த்தது போன்ற சொரசொரப்பாகவும் தெரியும். அந்தப் புள்ளிகளைக் கல்லின்மேல் ஒரு மனிதர் கையால் வைத்திருக்கிறார். ஆகவே எந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவிலுள்ள தூரம் ஒன்றாக இராது. வண்ணங்களும் நான்கோடு நிற்பதில்லை. தோலின் நிறத்துக்கே பல சாயல்கள் தனித்தனியாக ஏறியிருக்கும். மாறாக நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்கே நிறப்புள்ளிகள் இம்மி பிசகாத வரிசையில், சிறு பூக்களாகக் கூடி நின்றால் அது ஆஃப்செட். புள்ளிகளுக்கு ஒழுங்குமில்லாமல், விளிம்புமில்லாமல் மை தெளித்தது போலிருந்தால் அது கணினி அச்சு. தேநீரில் தோய்த்துப் பழுப்பாக்கிய கணினி அச்சைப் பழைய தேக்குச் சட்டத்துக்குள் நுழைத்து விற்பது இன்று பரவலாக நடக்கிறது. சட்டம் உண்மையிலேயே நூறு வயதாக இருக்கும். அதைத் தட்டிப் பார்த்து வாங்குபவர் உள்ளே இருப்பதும் நூறு வயது என்று நம்பிவிடுவார்.

அடுத்து, கையெழுத்து. படத்தின் மூலையில் ‘ரவி வர்மா’ என்ற கையொப்பமும் சிலவற்றில் ஆண்டும் இருக்கும். அதைக் கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. அது மூல ஓவியத்தின் கையொப்பம். படத்தோடு சேர்ந்து அதுவும் அச்சாகியிருக்கிறது. அந்த ஆண்டு மூலத்தின் வயதைச் சொல்லுமே தவிர நம் கையிலுள்ள தாளின் வயதைச் சொல்லாது. தாளின் வயதுக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோவது அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகக் குறிப்பு. பம்பாய் என்றிருந்தால் ஒரு காலம், கார்லா–லோனாவ்லா என்றிருந்தால் அதற்குப் பிந்திய காலம். கொடுமை என்னவென்றால் கண்ணாடி போட்டுத் தரும் கடைக்காரர்கள் சட்டத்தின் அளவுக்குப் பொருந்துவதற்காக வெட்டி எறிந்தது இந்த ஓரத்தைத்தான். ஓரம் முழுதாக இருக்கும் படத்துக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பது அதனால்தான். அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை.

பிறகு முதுகு. நாங்கள் எப்போதும் படத்தின் முகத்தைவிட முதுகை அதிக நேரம் பார்ப்பவர்கள். பின்னால் அடித்த பலகைகளின் இடைவெளிகள் காகிதத்தில் பழுப்புக் கோடுகளாக இறங்கியிருக்கும். இதைப் போலியாக உண்டாக்குவது கடினம். கண்ணாடிக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் படம் எந்த ஊரில் சட்டமேறியது என்று தெரியும். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் பெரும்பாலும் பழைய செய்தித்தாள் வைத்திருப்பார்கள். நாங்கள் பார்த்த ஒரு படத்தின் பின்னால் சுதேசமித்திரன் தாள் இருந்தது. அந்தத் தாளின் தேதிக்கு முன்னால் இந்தச் சட்டம் போடப்பட்டிருக்க முடியாது, அவ்வளவே அது சொல்வது. படம் அதைவிடப் பழையதாக இருக்கலாம், இன்னொரு சட்டத்திலிருந்து மாறி வந்திருக்கலாம்.

இதுவரை சொன்னவற்றில் வியாபாரிகளுக்கும் எங்களுக்கும் தகராறு இல்லை. தகராறு தொடங்குவது சரிகையில்.

பழைய படங்கள் பலவற்றில் தேவியின் சேலைக்கு மேலே உண்மையான துணி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெல்வெட் ரவிக்கை, சரிகைக் கரை, சம்கி, பொடி மணிகளால் ஒட்டியாணம். சிலவற்றைக் கடைகளிலேயே செய்து விற்றார்கள்; அவற்றில் வேலை சீராக, இரு பக்கமும் ஒத்ததாக இருக்கும். மற்றவற்றை வீட்டுப் பெண்கள் செய்தார்கள். அவற்றில் கை தெரியும். ஒரு வளையல் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். மணி தீர்ந்துபோன இடத்தில் வேறு நிற மணி வந்திருக்கும். பழைய வெள்ளிச் சரிகை கறுத்திருக்கும். இன்றைய பிளாஸ்டிக் சரிகை கறுப்பதில்லை என்பதையும் வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்து ஊரொன்றில் பங்காளிகள் வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்ட நாளில் நாங்கள் சிலர் உடனிருந்தோம். வளவைச் சுற்றி மாட்டியிருந்த பதினொரு படங்கள் தரையில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வந்த வியாபாரி படங்களைப் பார்க்கவில்லை. சட்டத்தின் மூலைகளை நகத்தால் கீறி மரத்தைப் பார்த்தார். “பர்மாத் தேக்கு. சட்டத்துக்குத்தான் காசு அண்ணே. படத்துல துணிய ஒட்டிக் கெடுத்து வச்சிருக்காக. வேணும்னா படத்த நீங்களே எடுத்துக்கங்க” என்றார். ஒன்பது படங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டன. அவற்றில் சிலவற்றை அங்கேயே பிரித்து, படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். வார்னிஷ் பூசிய பழைய காகிதத்தைச் சுருட்டினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி அப்போதுதான் வாய் திறந்தார்கள். “அந்த லெச்சுமி கட்டியிருக்கது எங்க மாமியா கல்யாணச் சேலைக் கரைப்பா. அவுக மூணாவது பிள்ளை தவறினப்புறம் ஒட்டினாகளாம்.” அதை அதுவரை அந்த வீட்டில் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தப் படத்தைத் தரையில் வைத்திருக்கவே மாட்டோம் என்று ஒரு பேரன் எங்களிடம் பின்னர் சொன்னார்.

வியாபாரியை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் மரத்துக்கு வந்தவர். மரத்தைச் சரியாகவே அடையாளம் கண்டார். ஆனால் ‘கெடுத்து வைத்திருக்கிறார்கள்’ என்ற சொல்லை நாங்கள் ஏற்கவில்லை. ஏட்டுச்சுவடியின் ஓரத்தில் படித்தவர் கீறி வைத்த ஒரு குறிப்பை உ.வே.சாமிநாதையரின் வழி வந்த எந்தப் பதிப்பாசிரியராவது அழுக்கென்று துடைப்பாரா? ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியாக அச்சான லட்சுமிகளில் இந்த ஒரு லட்சுமியை மற்றெல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அந்தக் கரைதான். கண்ணாடிக்கு மேல் வெள்ளிதோறும் வைத்துவைத்து விளிம்பு வழியே உள்ளே இறங்கிய குங்குமக் கறையும் அப்படியே. பெருமளவில் அச்சான ஒரு பொருளுக்கு ‘மூலப்பிரதி’த் தன்மை வருமானால் அது வீட்டில்தான் வருகிறது, அச்சகத்தில் வருவதில்லை. இது எங்கள் கருத்து. சேகரிப்பாளர் நண்பர்கள் சிலர் இதை உணர்ச்சிவசம் என்று ஒதுக்குவார்கள்.

வேடிக்கை என்னவென்றால் சந்தையே இப்போது எங்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. துணியைப் பிய்த்துச் ‘சுத்தம்’ செய்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் உண்டு. சரிகை ஒட்டிய படங்களுக்கெனத் தனியே சேகரிப்பாளர்கள் உருவான பிறகு, பழைய அச்சின்மேல் புதிதாகத் துணி ஒட்டி விற்பவர்களும் வந்துவிட்டார்கள். துணியை விலைக்கு வாங்கலாம். அந்த ஆச்சி சொன்ன வாக்கியத்தை வாங்க முடியாது. அது படத்தோடு எழுத்தில் சேர்ந்து போனால்தான் உண்டு.

இனி விலை. ரவி வர்மாவின் கையால் வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று 2016-இல் மும்பை ஏலத்தில் இருபது கோடி ரூபாயைத் தாண்டியது. நண்பர்களின் நினைவில் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தச் செய்திதான். நம் வீட்டு அச்சுப்படத்தின் விலை பெரும்பாலும் ஆயிரங்களில் பேசப்படுவது. ஓரம் வெட்டப்படாத, தொடக்க கால பம்பாய் அச்சு, அரிய கதைக்காட்சி என்று பலவும் கூடிவந்தால் மட்டுமே அது மேலே போகும். லட்சுமியும் சரஸ்வதியும் மிக அதிகமாக அச்சானவை, ஆகவே மிக அதிகமாகக் கிடைப்பவை. புராணக் காட்சிகளும் பெண்களின் உருவப்படங்களும் குறைவு. நீர்க்கறை, இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை, முகத்தில் கீறல் ஆகியவை விலையைக் குறைக்கும். முகத்தில் விழுந்த கீறல் வானத்தில் விழுந்த பெரிய ஓட்டையைவிட அதிகமாகக் குறைக்கும். சட்டத்தையும் பர்மாத் தேக்கையும் தனியே விலை பேச வேண்டும். மொத்தமாகப் பேசினால் நட்டம் விற்பவருக்கே. வெளிநாட்டு உறவினருக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. நூறாண்டு கடந்த கலைப்பொருட்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. ரவி வர்மாவின் ஓவியங்கள் 1979 முதல் நாட்டை விட்டு வெளியே விற்கப்பட முடியாத கலைச்செல்வங்கள்.

இதையெல்லாம் ஏன் ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுதுகிறோம் என்று கேட்கலாம். தமிழில் ‘காலண்டர் ஓவியம்’ என்பது இன்றும் ஒரு வசைச்சொல். நாவலின் பாத்திரம் தட்டையாக இருந்தால் காலண்டர் ஓவியம். கவிதையில் இனிப்பு கூடிவிட்டால் காலண்டர் ஓவியம். இந்த ஏளனத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1907-லேயே ரவி வர்மாவைக் கடுமையாக விமர்சித்துவிட்டார்: நாடகத்தனம், கற்பனை வறட்சி, இந்தியப் பொருளை ஐரோப்பிய முறையில் சொல்லும் போக்கு. ஓவியத்தைப் பற்றிய அந்த விமர்சனத்தில் எங்களுக்குப் பாதி உடன்பாடுதான். ஆனால் குமாரசாமி பார்த்தது ஓவியரை. அந்தப் படம் அச்சாகி, விலைக்கு வாங்கப்பட்டு, கும்பகோணத்திலோ தேவகோட்டையிலோ ஒரு சுவரில் ஏறி, அங்கே சேலை கட்டிக்கொண்ட பிறகு அதன் ஆசிரியர் ரவி வர்மா மட்டும்தானா? கிறிஸ்டோபர் பின்னி 2004-இல் அச்சிட்ட கடவுளர் படங்களைப் பற்றி ஒரு முழு நூலே ஆங்கிலத்தில் எழுதினார். நாமோ ஏளனத்தை மட்டும் பாதுகாத்துக்கொண்டு படங்களைத் தேக்கின் எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளின் முன் ஒரு மாலை நடந்து பார்த்தால் இது விளங்கும். அங்கே அடுக்கியிருக்கும் படங்களில் எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விற்பவராலேயே பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை.

விற்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பதினாறு பேருக்குப் பங்குள்ள வீட்டில் பதினொரு படங்களை யார் எங்கே மாட்டுவது? பணம் தேவைப்படுபவரிடம் பாரம்பரியம் பற்றி உபதேசிக்கும் உரிமையும் நமக்கில்லை. விற்பவர், தாம் விற்பது இன்னதென்று தெரிந்து விற்கட்டும் என்பதே கோரிக்கை.

ஆகவே சுவரிலிருந்து இறக்குவதற்கு முன் சுவரோடு சேர்த்து ஒரு புகைப்படம்: பக்கத்தில் எந்தப் படம், கீழே விளக்கு மாடம் உண்டா என்பது தெரியும்படி. பின்பு முதுகு, சீட்டு, அச்சக வரி. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். குங்குமத்தைச் சுரண்ட வேண்டாம். பூச்சி தெரிந்தால் காகிதப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்ட வேண்டும், வீட்டில் மருந்தடிக்கக் கூடாது. வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் படத்தை அவர் மடியில் வைத்து, யார் வாங்கியது, எந்த அறையில் இருந்தது, துணி யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். எழுதியதை ஓர் உறையில் இட்டுச் சட்டத்தின் பின்பலகைக்கு வெளியே கட்டிவிட வேண்டும், படத்தின்மேல் ஒட்டக் கூடாது. பென்சிலால் எழுதுவது உத்தமம். பேனா மை ஈரம் பட்டால் ஊறிப் பரவும்.